ஆஸ்பத்திரிக் குளிசையும் கடைக் குளிசையும்

(கிருலப்பனையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரச வைத்தியசாலையொன்றின் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்று என் வேலைக் காலத்தைக் கழித்தவள் நான். அந்தக் கவுண்டரின் மறுபக்கத்திலிருந்து அடிக்கடி காதில் விழுந்த வார்த்தை இது: "ஆஸ்பத்திரிக் குளிசை கேட்காது பிள்ளை, வெளியில வாங்கினாத்தான் கேட்கும்." சொல்பவர்கள் படிக்காதவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சொல்வார்கள், வங்கியில் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். இலவசமாகக் கிடைத்த ஒரு மாதக் குளிசையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, அதே மருந்தை வெள்ளவத்தையில் பணம் கொடுத்து வாங்கிக் குடிப்பார்கள். ஓய்வூதியத்தில் கணிசமான பங்கு அப்படியே போகும்.

அந்த நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதில் பெரும்பகுதி தவறு, ஒரு சிறு பகுதி நியாயம். எது தவறு, எது நியாயம் என்பதைப் பிரித்துக் காட்டுவதே இன்றைய என் வேலை.

முதலில் கடையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். புதிய மருந்தைக் கண்டுபிடிக்கும் கொம்பனிக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடத்துக்குக் காப்புரிமை உண்டு. அந்தக் காலத்தில் அது தான் சூட்டிய வணிகப் பெயரில் தனியாக விற்கும். கொலஸ்ட்ரோலுக்கு நம்மில் பலர் எடுக்கும் அட்டோர்வாஸ்டாட்டினை ஃபைசர் கொம்பனி லிப்பிட்டர் என்ற பெயரில் விற்றது. அமெரிக்காவில் அதன் தனியுரிமை 2011 நவம்பரில் முடிந்தது. அதன்பிறகு அங்கும் யாரும் அதைச் செய்யலாம் என்றானது. அப்படி மற்றவர்கள் செய்வதைத்தான் ஜெனரிக் என்கிறோம். அட்டோர்வாஸ்டாட்டின் என்பது மருந்தின் பொதுப்பெயர். உலகில் எங்கு போனாலும் அந்தப் பெயர் மாறாது.

நம் நாட்டுச் சந்தையில் இன்னுமொரு வகை இருக்கிறது. குழப்பமெல்லாம் அங்கேதான். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பங்களாதேஷிலும் செய்யப்படும் ஜெனரிக் மருந்துகள், ஒவ்வொரு கொம்பனியும் தான் வைத்த அழகான பெயரோடு, மினுங்கும் பெட்டியில் வந்து இறங்குகின்றன. காலி வீதியில் ஒரு பார்மசிக்குள் போய் "ஒரிஜினல் தாருங்கள்" என்று கேட்டு நாம் வாங்கி வருபவற்றில் பல இவைதான். கண்டுபிடித்த கொம்பனியின் மருந்து அல்ல அது. பெயர் சூட்டிக்கொண்ட ஜெனரிக். ஆஸ்பத்திரியில் பெயரில்லாமல் கொடுத்த குளிசையும் ஜெனரிக், கடையில் பெயரோடு வாங்கியதும் ஜெனரிக். விலை மட்டும் பல மடங்கு வேறு.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டனிலிருந்து மகன் அனுப்பிய பிரஷர் குளிசை என்றால் அதற்கு வீட்டில் தனி மரியாதை. ஆனால் இங்கிலாந்தில் வைத்தியர் எழுதும் மருந்துகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் பொதுப்பெயரிலேயே எழுதப்படுகின்றன. அமெரிக்காவில் பார்மசி கொடுப்பதில் பத்துக்கு ஒன்பது ஜெனரிக். கட்டுநாயக்காவில் இறங்கும் பயணப்பெட்டிக்குள் வந்ததும் பெரும்பாலும் ஜெனரிக்தான். அந்த நாடுகளில் பணக்காரரும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

அப்படியானால் எல்லா ஜெனரிக்கும் ஒன்றா? இங்கே அவசரப்படக் கூடாது.

குளிசைக்குள் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பதோடு கதை முடிவதில்லை. அது வயிற்றில் கரைய வேண்டும், குடலால் உறிஞ்சப்பட வேண்டும், உரிய நேரத்தில் உரிய அளவில் இரத்தத்துக்குப் போக வேண்டும். ஆகவே ஜெனரிக் மருந்தைச் சோதிப்பவர்கள், ஆரோக்கியமான சிலருக்கு ஒரு முறை மூல மருந்தையும் இன்னொரு முறை ஜெனரிக்கையும் கொடுத்து, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் இரத்தம் எடுத்து அளப்பார்கள். இரண்டுக்குமிடையிலான விகிதம், புள்ளிவிவரப் பிழைக்கு இடம் விட்டுக் கணக்கிட்டால்கூட, 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் உள்ளே அடங்க வேண்டும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "ஜெனரிக்கில் 20 சதவீதம் மருந்து குறைவு" என்று வைத்தியர்களே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறான வாசிப்பு. பிழைக்கு விட்ட இடமும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டுமானால், சராசரி 100க்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரை தன்னிடம் வந்த 2,070 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உடலுக்குள் சேர்ந்த மருந்தின் அளவில் மூல மருந்துக்கும் ஜெனரிக்குக்கும் இருந்த சராசரி வித்தியாசம் 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே கொம்பனியின் இரண்டு தொகுதிகளுக்கிடையிலும் இப்படியான சிறு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் மருந்தோடு சேர்க்கும் மாவு, சீனி, பசை போன்ற துணைப்பொருட்கள் ஆளைக் கவிழ்த்துவிடும் சந்தர்ப்பமும் உண்டு. 1968இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வலிப்பு நோயாளிகள் பலருக்குத் திடீரெனத் தலைசுற்றல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல். எல்லோரும் ஃபெனிட்டோயின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மருந்தின் அளவு மாறவில்லை. தேடிப் பார்த்தபோது, கொப்சூலை நிரப்பப் பயன்படுத்திய கல்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லக்டோஸைப் போட்டிருந்தார்கள் என்று தெரியவந்தது. லக்டோஸோடு ஃபெனிட்டோயின் கூடுதலாக உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் நஞ்சாகும் அளவுக்கு ஏறிவிட்டது. நான் இதை மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்தின் பெயரும் மாறவில்லை, பலமும் மாறவில்லை. உள்ளே இருந்த நிரப்பி மட்டுமே மாறியது. வணிகப் பெயர் அந்த நோயாளிகளைக் காப்பாற்றவில்லை.

ஃபெனிட்டோயின், வார்ஃபரின், தைரொக்சின், சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்றவற்றில் சரியான அளவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி ஒடுக்கம். இவற்றை ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வைத்தியருக்குச் சொல்லி, தேவைப்பட்டால் இரத்தம் சோதித்து மாற்ற வேண்டும். பிரஷர், சலரோகம், கொலஸ்ட்ரோல், தொற்று ஆகியவற்றுக்குக் கொடுக்கும் சாதாரண மருந்துகள் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை.

"இல்லை, எனக்கு உண்மையிலேயே அதுதான் கேட்கிறது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. 1981இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் பிரான்த்வெயிட், கூப்பர் என்ற இருவர் தலைவலி உள்ள 835 பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அஸ்பிரினைப் பிரபல பெயருள்ள பெட்டியிலிருந்து எடுத்தவர்களுக்கு, பெயரில்லாத பெட்டியிலிருந்து எடுத்தவர்களைவிட வலி கூடுதலாகக் குறைந்தது. பெட்டியின் பெயர் வலியைக் குறைக்கிறது. தலைவலியில் அது உண்மை. ஆனால் இரத்தத்திலுள்ள சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் பெட்டியைப் பார்க்கும் கண் இல்லை.

இதைவிட ஆபத்தான ஒன்று, நிறம். இந்த மாதம் வெள்ளைக் குளிசை கொடுத்த கிளினிக்கில் அடுத்த மாதம் அதே மருந்து மஞ்சளாக வரும். சிறு கடதாசி உறைக்குள் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிக் கொடுப்போம். வரிசையில் இன்னும் நூறு பேர். விளக்கிச் சொல்ல நேரமில்லை. வீட்டுக்குப் போன அம்மா "இது வேற குளிசை, பிழையாகத் தந்துவிட்டார்கள்" என்று நிறுத்திவிடுவார். அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, குளிசையின் நிறம் மாறியபின் மருந்தை விட்டுவிடும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறியபின் 66 சதவீதமும் கூடியதாகக் கண்டது. தன் மொழியில் அச்சிட்ட லேபல் உள்ள நோயாளிகளின் கதை அது. சிங்களத்தில் எழுதிய உறையைத் தமிழ் அம்மாவிடம் கொடுக்கும் கவுண்டரில் நிலைமை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நிறுத்துவது ஒரு ஆபத்து. இரட்டிப்பாக்குவது இன்னொன்று. நம் கொழும்பு வீடுகளுக்கே உரிய ஆபத்து என்று இதைச் சொல்லலாம். களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒரு மருந்துத் துண்டு, வெள்ளவத்தையில் தனியாகப் பார்க்கும் டொக்டரிடம் ஒரு துண்டு, ரொறன்ரோவிலிருந்து மகள் அனுப்பிய ஒரு போத்தல். மூன்றிலும் மூன்று பெயர், மூன்று நிறம். உள்ளே இருப்பது பிரஷருக்கான ஒரே லொசார்ட்டன் அல்லது சலரோகத்துக்கான ஒரே கிளிக்லசைட். மூன்றையும் சேர்த்துக் குடித்த மனுஷி விடியற்காலையில் குளியலறையில் மயங்கி விழுவார். சீனி கூடிவிட்டது என்று பதறி வீட்டார் கொண்டுவருவார்கள். சோதித்தால் சீனி அடியில் கிடக்கும். இப்படி வந்தவர்கள் பலரின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறேன். துண்டில் பொதுப்பெயர் எழுதியிருந்தால், வீட்டுக்குள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்றும் ஒன்று என்று கண்டுபிடித்திருக்கும். பொதுப்பெயரை நான் வற்புறுத்துவதற்கு விலை இரண்டாவது காரணம். முதல் காரணம் இதுதான்.

இனி நம் நாட்டின் கதைக்கு வருகிறேன். பொதுப்பெயரின் பயனை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த நாடுகளில் ஒன்று இலங்கை. அதைச் செய்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920இல் பிறந்தவர். எடின்பரோவில் மருந்தியலில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, இந்நாட்டின் முதல் மருந்தியல் பேராசிரியரானார். பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் தலைவரானார். அரச வைத்தியசாலைகளில் எந்த மருந்து தேவை, எது வீண் என்று பிரித்து, பொதுப்பெயரில் பட்டியல் போடும் வேலையை அவர் 1950களிலேயே தொடங்கிவிட்டார். 1970இல் ஐக்கிய முன்னணி அரசு வந்தபின், இடதுசாரித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து 1971இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அந்த வருடமே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலே அதன் முதல் தலைவர். இன்று நாம் ஒசுசல என்று சொல்லி நுழையும் கடை, அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைதான்.

அவர் செய்தவை மிக நேரடியானவை. நாட்டில் புழங்கிய சுமார் 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார். தனித்தனிக் கொம்பனிகள் இறக்குமதி செய்ததை ஓரிடத்தில் திரட்டி, உலகம் முழுவதற்கும் விலைமனு கோரி வாங்கினார். உள்ளூரில் மருந்து செய்யும் பன்னாட்டுக் கொம்பனிகள் தங்கள் தாய்க் கொம்பனிகளிடம் என்ன விலைக்கு மூலப்பொருள் வாங்கின என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. சலரோகத்துக்குக் கொடுத்த குளோர்புரோபமைட்டின் மூலப்பொருளை கிலோ 100 டொலருக்கு மேல் கொடுத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டுத்தாபனம் விலைமனு கோரியபோது அதே பொருள் அந்த விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்தது. நோயாளியின் பணத்திலிருந்தும் நாட்டின் அந்நியச் செலாவணியிலிருந்தும் அந்த வித்தியாசம் வருடக்கணக்காக வெளியே போய்க்கொண்டிருந்தது.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1974இல் நாட்டில் கொலரா பரவியபோது டெட்ராசைக்ளின் அவசரமாகத் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் கொம்பனியிடமிருந்து மூலப்பொருளை வாங்கி, இங்கே தொழிற்சாலை வைத்திருந்த ஃபைசரிடம் கொப்சூலாக்கித் தரும்படி கொடுத்தது. ஃபைசர் செய்யவில்லை. அரசு அந்தத் தொழிற்சாலையைப் பொறுப்பேற்க யோசித்தபோது அமெரிக்கத் தூதுவர் தலையிட்டார். கடைசியில் டெட்ராசைக்ளினைக் கூடிய விலையில் விமானத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று. இதைப் பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்து எழுதி 1977இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். வைத்தியர்கள் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது: "மலிவு மருந்தின் தரம் என்ன?" என்று கேட்டார்கள். பிபிலே அந்தக் கேள்வியை அவமதிக்கவில்லை. வாங்கும் மருந்தைச் சோதிக்க வேண்டும், வைத்தியருக்குப் பக்கச்சார்பற்ற தகவல் போய்ச் சேர வேண்டும் என்பவை அவர் கொள்கையின் உள்ளேயே இருந்தன. மலிவு, பொதுப்பெயர், சோதனை ஆகிய மூன்றையும் அவர் ஒருபோதும் பிரித்துப் பேசியதில்லை.

1977 ஜூலையில் அரசு மாறியது, தனியார் இறக்குமதி திரும்பவும் திறந்தது. அதே வருடம் செப்டெம்பர் 29ஆம் திகதி, ஐ.நா.வின் பணிக்காகச் சென்றிருந்த பிபிலே கயானா நாட்டில் இறந்தார். வயது 57. அந்த வருடமே உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்தவை ஏறத்தாழ 200 மருந்துகள். 1982இல் பங்களாதேஷ் தன் மருந்துக் கொள்கையைக் கொண்டுவந்தது. இன்று நம் கடைகளில் பங்களாதேஷ் மருந்து நிறைந்திருக்கிறது என்றால், அதன் வேர் அந்த 1982க்குப் போகிறது.

நமக்கோ சட்டம் வர இன்னும் நெடுங்காலம் பிடித்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானது. துண்டில் பொதுப்பெயர் எழுத வேண்டும், விரும்பினால் வணிகப் பெயரையும் சேர்த்து எழுதலாம் என்பது அந்தச் சட்டம் சொல்வது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தார்கள். வரவேற்கத்தக்க வேலைகள். ஆனால் இன்றும் வணிகப் பெயரை மட்டும் கிறுக்கிய துண்டுகள் பார்மசிகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நியாயமான பகுதி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இனித்தான் வருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் போய், மருந்து இல்லாமல் போய், வைத்தியசாலைகள் சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. அவசரம் என்ற பெயரில் பதிவு செய்யப்படாத மருந்துகளை உள்ளே விடும் வழி அகலமாகத் திறந்தது. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்ணில் வெண்படலம் அகற்றிக்கொண்டவர்களுக்குப் போட்ட, இந்தியாவிலிருந்து வந்த பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தால் தொற்று ஏற்பட்டுச் சிலர் பார்வை இழந்தார்கள். பார்வை வேண்டும் என்று போனவர்கள் அவர்கள். அதே வருடம் இம்யூனோகுளோபுலின் கொள்முதல் பற்றிய குற்றச்சாட்டு எழுந்து, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். வழக்கு நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. அதன் தீர்ப்பை நான் முந்திச் சொல்ல மாட்டேன். ஆனால் இதையெல்லாம் செய்தியில் பார்த்த ஒரு தாயிடம் போய் "ஆஸ்பத்திரிக் குளிசையை நம்புங்கள் அம்மா" என்று வெறும் வாயால் சொல்ல எனக்கு முடியாது. நம்பிக்கைக்குச் சான்று காட்ட வேண்டும். சான்றைக் காட்ட வேண்டியது அரசு.

அது முடியாத காரியமல்ல. பாக்கு நீரிணையின் மறுகரையில் தமிழ்நாடு இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலத்தின் அரச மருத்துவமனைகள் அனைத்துக்குமான மருந்தைப் பொதுப்பெயரில், விலைமனு மூலம் மொத்தமாக வாங்குகிறது. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, செய்த கொம்பனியின் பெயரை மறைத்து, குறியீடு மட்டும் இட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய தொகுதிதான் கிடங்கை விட்டு வெளியேறும். குளிசை அட்டையில் அரச வழங்கல் என்றும் விற்பனைக்கு அல்ல என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்து, ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு வேண்டியதை எடுக்க விடுகிறார்கள். குறையே இல்லாத அமைப்பு என்று சொல்ல மாட்டேன். ஆயினும் பிபிலே இங்கே சேர்த்துக் கேட்ட மூன்றும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. கேரளமும் ராஜஸ்தானும் அதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன.

நமக்கும் அடித்தளம் இருக்கிறது. இரத்மலானையில் ஜப்பானிய உதவியோடு கட்டிய அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனத்தின் ஆலை இருக்கிறது. தேசியத் தர உறுதிப்பாட்டு ஆய்வுகூடம் இருக்கிறது. பயிற்சி பெற்ற மருந்தாளர்கள் இருக்கிறார்கள். ஆய்வுகூடத்துக்கு ஆளும் கருவியும் கொடுத்து, முறைப்பாடு வந்தபின் சோதிப்பதை விட்டுவிட்டு, மருந்து கவுண்டருக்கு வருமுன்னே சோதித்தால், பெயரில்லாத குளிசையைப் பார்த்து மக்கள் முகம் சுளிக்கக் காரணமிராது.

இந்த மண்டபத்தில் வைத்தியர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள்: துண்டில் பொதுப்பெயரைத் தெளிவான எழுத்தில் எழுதுங்கள். வணிகப் பெயர் அவசியம் என்று நினைத்தால் அதைப் பக்கத்தில் எழுதி, ஏன் என்று நோயாளியிடம் சொல்லுங்கள். பார்மசி நடத்துபவர்களும் இருக்கிறீர்கள். ஒரு மருந்தின் நாலு விலையும் உங்கள் தட்டில் இருக்கும்போது, நாலையும் சொல்லிவிட்டு வாங்குபவரைத் தெரிவு செய்ய விடுங்கள். அம்மாமார், ஐயாமார், நீங்கள் ஒரு சின்னக் கொப்பி வாங்கி, நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு மருந்தின் பொதுப்பெயரையும் பலத்தையும் தமிழில் எழுதி, எந்த டொக்டரிடம் போனாலும் கையோடு கொண்டுபோங்கள். நிறம் மாறினால் நிறுத்தாதீர்கள். திரும்பி வந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது எங்கள் கடமை.

அதிகாரசபையிடம் கேட்பது ஒன்றுதான்: சோதித்த ஒவ்வொரு தொகுதியின் இலக்கத்தையும், அது தேறியதா இல்லையா என்பதையும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.